உப்புல இருக்கற அயோடின் ஏன் ஊதாவா தெரியல?

தனிமங்கள் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தோம், வந்து குவிஞ்சதுல பெரும்பாலும் அயோடின்தான். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து எடுத்திருக்கோம்.

கேள்வி: லேப்ல பார்த்த அயோடின் கறுப்பா பளபளன்னு இருந்துச்சு, சூடு பண்ணா ஊதாவா புகை வந்துச்சு. காயத்துக்குப் போடறது பழுப்பு. ஆனா அயோடின் உப்பு மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கே, நிஜமாவே கலக்கறாங்களா சார்?

பதில்: கலக்கறாங்க, ஆனா நீங்க லேப்ல பார்த்த அந்த அயோடினை இல்ல. இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா கீழ இருக்கற பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும். லேப்ல இருந்தது ரெண்டு அயோடின் அணு ஜோடி சேர்ந்த மூலக்கூறு, ஊதா கலரு, காரமான வாசனை, கிருமியைக் கொல்ற குணம் எல்லாம் அந்த ஜோடிக்குத்தான். அதுல ஒவ்வொரு அணுவும் ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கிட்டா அயோடைடு ஆயிடும், ஆக்ஸிஜனோட சேர்ந்தா அயோடேட், ரெண்டுக்கும் கலரும் கிடையாது வாசனையும் கிடையாது. உப்புல சேர்க்கறது பொட்டாசியம் அயோடைடோ பொட்டாசியம் அயோடேட்டோதான், அதுவும் கிலோவுக்கு சில பத்து மில்லிகிராம் அளவு, எங்கேர்ந்து கண்ணுக்குத் தெரியும்?

இதே காரணத்தாலதான் உருளைக்கிழங்கை வெட்டி உப்பு தூவி "நீலமாகல, அப்ப உப்பு போலி"ன்னு சொல்ற வீடியோ எல்லாம் சுத்த வேஸ்ட். உருளைக்கிழங்குல இருக்கற ஸ்டார்ச்சோட, அதாவது மாவுச்சத்தோட சேர்ந்து நீலக் கறுப்பாகறது தனி அயோடின், அதாவது லேப்ல பார்த்த அந்த ஜோடி. ஸ்டார்ச் மூலக்கூறு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும், அயோடின் அணுக்கள் அதுக்குள்ள வரிசையா போய் உக்கார்ந்தாதான் அந்தக் கலர் வரும். அயோடைடும் அயோடேட்டும் தனியா நின்னா அதைச் செய்யாது.

கேள்வி: அயோடின் உருகவே உருகாது, நேரா ஆவியாகிடும்னு படிச்சோமே?

பதில்: உருகும். 113.7 டிகிரி செல்சியஸ்ல உருகி 184 டிகிரியில கொதிக்கும். உருகறதுக்கு முன்னாடியே நிறைய ஆவி கிளம்பிடும், ஊதா கலர் வேற பளிச்சுன்னு தெரியும், அதனால திரவம் இருக்கறதையே யாரும் கவனிக்கறதில்ல. பாடப்புத்தகம் பாதி உண்மையோட நிறுத்திடுச்சு, அவ்வளவுதான். வீட்ல செஞ்சு பார்க்காதீங்க, அந்தப் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் நல்லா பதம் பார்க்கும்.

கேள்வி: கண்டுபிடிச்சது யாரு?

பதில்: பெர்னார்ட் கூர்த்வான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1811ல. நெப்போலியன் போர் நடந்துட்டு இருந்த நேரம், வெடிமருந்துக்கு வெடியுப்பு நிறைய தேவைப்பட்டுது, அதைத் தயாரிக்கறதுதான் இவர் தொழில், அதுக்கு கடல்பாசி எரிச்ச சாம்பலைப் பயன்படுத்தினாரு. சாம்பல்ல மிச்சமிருந்த கரைசல்ல கந்தக அமிலம் ஜாஸ்தியா விழுந்ததும் ஊதா ஆவி எழும்பி, குளிர்ந்த இடத்துல கறுப்புப் படிகமா படிஞ்சுது. பாசிக்குள்ள அயோடைடா ஒளிஞ்சிருந்ததை அமிலம் தனி அயோடினா வெளிய தள்ளிடுச்சு. இது புதுத் தனிமம்னு உறுதி பண்ணி பேர் வாங்கினது கே லுசாக், டேவி மாதிரி பெரிய ஆளுங்க. கூர்த்வாவுக்கு 1831ல பிரெஞ்சு அகாடமி 6000 பிராங்க் பரிசு குடுத்துச்சு, ஆனாலும் 1838ல சாகும்போது மனுஷன் ஏழையாத்தான் இருந்தாரு.

கேள்வி: தினமும் எவ்வளவு அயோடின் வேணும்? சமைக்கும்போது ஆவியாகிடாதா? கடல் உப்புல இயற்கையாவே இருக்குமாமே?

பதில்: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு 250. எழுபது வருஷத்துக்குக் கூட்டினாலும் 4 கிராம் வராது. அதுக்காக மொத்தமா ஒரே நாள்ல முழுங்கிட முடியாது, உடம்பு சேர்த்து வைக்கறது மில்லிகிராம் கணக்குலதான், மிச்சம் சிறுநீர்ல போயிடும். தைராய்டு சுரப்பி இந்த அயோடைடை இழுத்து வச்சு ஹார்மோன் செய்யுது, டி4ங்கற ஹார்மோன்ல நாலு அயோடின் அணு, டி3ல மூணு, பேரே அதான். பத்தலன்னா சுரப்பி வீங்கி கழுத்துல கழலை வரும், அது வெளிய தெரியற பிரச்சனை, தெரியாதது வயித்துல இருக்கற குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்கறது. சுவிட்சர்லாந்து 1922லயும் அமெரிக்கா 1924லயும் உப்புல கலக்க ஆரம்பிச்சதுக்கு காரணம் இதான்.

சமைக்கும்போது கொஞ்சம் குறையும், மொத்தமா போயிடாது. திறந்து வச்ச டப்பா, ஈரம், வெயில் இதெல்லாம்தான் நாளடைவுல குறைக்கும், அயோடைடை விட அயோடேட் இதை நல்லா தாங்கும். கடல் உப்பு பத்தி நினைக்கறது தப்புங்க, கடல்தண்ணியில அயோடின் ரொம்ப ரொம்பக் கம்மி, பாசிதான் அதை உறிஞ்சி உறிஞ்சி சேர்த்து வைக்குது. கல் உப்புக்கும் இதே பதில்தான். அதிகமா போனாலும் தைராய்டு கெடும், அதனால டாக்டர் சொல்லாம அயோடின் சப்ளிமெண்ட் எல்லாம் வாங்கி விழுங்காதீங்க.

கேள்வி: டிங்ச்சர் போட்டா உயிரே போகுது, இப்ப வர்ற பழுப்பு மருந்து எரியறதே இல்ல. வேலை செய்யுமா? சட்டையில பட்ட கறை எப்படிப் போகும்?

பதில்: செய்யும். டிங்ச்சர்ல அயோடினைக் கரைக்கறது ஆல்கஹால், முக்கால்வாசி எரிச்சல் அதுனாலதான். இப்ப வர்ற அந்தப் பழுப்பு மருந்து பொவிடோன் அயோடின், அதுல பாலிமர்னு ஒரு நீளச் சங்கிலி மூலக்கூறு அயோடினைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும், கிருமியைக் கொல்றது அப்பவும் தனி அயோடின்தான். கறைக்கு ஒரு வைட்டமின் சி மாத்திரையைப் பொடி பண்ணி தண்ணியில கரைச்சு ஊத்துங்க, அயோடின் அயோடைடா மாறி கலர் காணாமப் போயிடும். கஞ்சியும் ஸ்டார்ச்தான், அதனால கஞ்சி போட்ட சட்டையா இருந்தா நீலமா ஆகியிருக்கும், பயப்படாதீங்க, அதுக்கும் இதே வைத்தியம்.

கேள்வி: எனக்கு இறால் அலர்ஜி. சிடி ஸ்கேன் ஊசியில அயோடின் இருக்குன்றாங்க, போடலாமா?

பதில்: இறால் அலர்ஜி வர்றது அதுல இருக்கற ஒரு புரதத்தால, அயோடினால இல்ல. ஸ்கேன் மருந்துல அயோடின் அணுக்கள் ஒரு கார்பன் வளையத்தோட இறுக்கமா பிணைஞ்சிருக்கும், கனமான அணுங்கறதால எக்ஸ்ரேயைத் தடுத்து ரத்தக்குழாயை வெள்ளையா காட்டும். அலர்ஜி வந்தா அந்த முழு மூலக்கூறுக்குத்தான் வரும். ஆனா முன்னாடி இந்த ஊசியே ஒத்துக்காம போயிருந்தா, இல்ல தைராய்டு பிரச்சனை இருந்தா, ஸ்கேனுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிடுங்க.

கேள்வி: அணு உலை விபத்துன்னா அயோடின் மாத்திரை எதுக்கு? அவசரத்துக்கு காயத்து மருந்தைக் குடிக்கலாமா?

பதில்: குடிக்கவே கூடாது, அது விஷம், பலனும் இல்ல. உலையிலேர்ந்து வர்ற அயோடின் 131 கதிரியக்கம் உள்ளது, 8 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். தைராய்டுக்கு நல்ல அயோடின் கெட்ட அயோடின்னு வித்தியாசம் தெரியாது, 1986ல செர்னோபில்லுக்கு அப்புறம் பால் வழியா குழந்தைங்க உடம்புக்குப் போய் தைராய்டு கேன்சர் வந்தது அப்படித்தான். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிடும், கதிரியக்க அயோடினுக்கு இடம் இருக்காது. தினசரி தேவையை விட நூத்துக்கணக்கான மடங்கு டோஸ் அது, அதிகாரிங்க சொன்னா மட்டும்தான் போடணும், சீசியம் மாதிரி வேற கதிரியக்கப் பொருளுக்கு உதவாது. வேடிக்கை என்னன்னா அதே அயோடின் 131ஐ வச்சுத்தான் அளவுக்கு மீறி வேலை செய்யற தைராய்டை அடக்கறாங்க, பாஸ்டன்ல சால் ஹெர்ட்ஸ்னு ஒரு டாக்டர் 1941லயே கதிரியக்க அயோடின் சிகிச்சையை ஆரம்பிச்சுட்டாரு.

கேள்வி: இப்பவும் பாசியை எரிச்சுதான் எடுக்கறாங்களா?

பதில்: இல்ல. உலகத்துல கிடைக்கறதுல பாதிக்கு மேல சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துலேர்ந்து வருது, அடுத்தது ஜப்பான். சிலியில பாறைக்குள்ள அயோடேட்டா இருக்கு, அதுலேர்ந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கணும். ஜப்பான்ல இயற்கை வாயுவோட மேல வர்ற உப்புத்தண்ணியில அயோடைடா இருக்கு, அதுக்கு குளோரின் விட்டு எலக்ட்ரானைப் பிடுங்கி, காத்தை ஊதி ஆவியா பிரிச்செடுக்கறாங்க. அதுல ஒரு பங்கு எல்சிடி திரைக்கு முன்னாடி ஒட்டற போலரைசர் ஃபிலிமுக்கு, அதாவது ஒளியை வடிகட்டற மெல்லிய தாளுக்கு, சாயம் போடவும் போகுது.