அரசு ஊழியரும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமும்: கேள்வி பதில்

நான் மலேசிய அரசின் சட்டச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவள். மாஜிஸ்திரேட்டாகத் தொடங்கி, அப்புறம் அரசு வழக்கறிஞராகி, கடைசியில் புத்ராஜெயாவில் ஜேபிஏ என்கிற பொதுச் சேவைத் துறையின் சட்டப் பிரிவில் இருந்தேன். இப்போது வீடு பட்டர்வொர்த்தில். அரசு வேலை பற்றியும் அதில் வரும் ஒழுங்கு நடவடிக்கை பற்றியும் கேளுங்கள்.

செபராங் ஜெயா தம்பி: அக்கா, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இருந்தது, பிந்திக் கொடுத்தேன். இப்போது ‘துஞ்சோக் சபாப்’, அதாவது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம், வந்திருக்கிறது. பாஸ் நல்ல மனுஷர். நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் போதாதா?

பதில்: போதாது தம்பி. பாஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முடிவு எடுப்பது ஒழுங்கு நடவடிக்கை வாரியம். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, கோப்பைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காத எதுவும் அந்தக் கோப்பில் இருக்காது.

முதலில் கடிதம் எந்த விதியின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1993-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளில் 36-ஆவது விதி என்றால் வேலை நீக்கமோ பதவி இறக்கமோ அவர்கள் எண்ணத்தில் இல்லை. எச்சரிக்கை, அபராதம், சம்பள உயர்வைத் தள்ளிவைப்பது போன்றவைதான் வரும். 37-ஆவது விதி என்றால் வேலைக்கே ஆபத்து. இரண்டிலும் பதில் எழுத 21 நாள்.

ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். எம்சி நகல், கிளினிக்கிடம் வாங்கிய உறுதிக் கடிதம், அலுவலகத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் அச்சு, எல்லாவற்றையும் இணையுங்கள். கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இந்த முத்திரை விஷயத்தை இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் சட்ட மாணவி: உங்கள் வேலைக்கு எப்படி வருவது? தினமும் என்ன செய்வீர்கள்?

பதில்: ஜேபிஏவுக்கு என்று தனியாக வழக்கறிஞர் எடுப்பதில்லை. என் காலத்தில் நீதித்துறை, சட்டச் சேவை ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அது அரசியலமைப்பின் 138-ஆவது பிரிவில் வந்தது. சேர்ந்த பிறகு மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர், அமைச்சுகளில் சட்ட ஆலோசகர் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மலாய் எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது.

வேலை பெரும்பாலும் காகித வேலைதான். குற்றச்சாட்டு தெளிவாக இருக்கிறதா, தேதி, இடம் சரியா, புகார் கொடுத்தவரே வாரியத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, தண்டிக்கும் வாரியத்துக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். நமக்கு ஒரு கையெழுத்துதான், அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் சம்பளம். இந்த நினைப்பு இருப்பவர்கள் வாருங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஊழியர்: என்னைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள்.

பதில்: தனியார் வேலை என் துறை இல்லை. ஆனால் தொழில் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். நாளைக்கே போங்கள். அரசு ஊழியர்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

வேலை முடிந்து கிராப் வாடகைக் கார் ஓட்டும் அரசு ஊழியர்: தப்பா அக்கா?

பதில்: துறைத் தலைவரின் எழுத்து அனுமதி வாங்கிவிட்டு ஓட்டுங்கள்.

மருத்துவமனைத் தாதி: விசாரணை நடந்தது. அந்த அறிக்கையை வைத்துத்தான் என்மேல் நடவடிக்கை எடுக்கிறார்கள். எனக்குக் காட்டவே இல்லை.

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் 1962-லேயே வந்துவிட்டது. போலீஸ் இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டா 1958-இல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அவரைக் குறை சொன்ன விசாரணை அறிக்கை, அவரை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன அதிகாரியின் கையில் இருந்தது, கண்டாவின் கையில் இல்லை. வழக்கு, அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியாதவனுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நீக்கியவருக்கு நீக்கும் அதிகாரமே இல்லை என்றும் சொன்னார்கள். நீக்கம் செல்லாது என்று ஆனது.

ஆகவே தங்கச்சி, உங்கள் பதிலிலேயே “அறிக்கையின் நகல் வேண்டும், இல்லாமல் முழுமையாகப் பதில் தர முடியவில்லை” என்று எழுதுங்கள். அதே சமயம் தெரிந்தவரை பதிலும் எழுதுங்கள். நகலுக்காகக் காத்திருந்து 21 நாளைத் தவறவிடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம், ஓய்வு பெற்ற தொழிற்சங்கவாதி: அம்மா, காகிதம் காகிதம் என்கிறீர்கள். ஒருவரை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் அவர் சோற்றில் மண்ணைப் போடுவது என்ன நியாயம்? அரசியலமைப்பு 135(2) இருக்கிறதே!

பதில்: இருக்கிறது ஐயா. தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் நீக்கக்கூடாது என்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு எழுத்தில் தந்தாலே போதும் என்று 1976-இல் நஜார் சிங் வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

தொழிற்சங்கவாதி: தான் தேக் செங் என்பவரின் வழக்கில் 1996-இல் தீர்ப்பு வந்ததே? தோட்டக்காரரின் சம்பளப் பணம் சம்பந்தமாகத் தண்டனை பெற்ற ஆசிரியர். மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்தைப் பதவி இறக்கமாகக் குறைத்தது. வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றார் நீதிபதி கோபால் ஸ்ரீராம். அப்படியானால் தண்டனை எவ்வளவு என்பதைப் பற்றியாவது பேச விட வேண்டாமா?

பதில்: அந்தக் கேள்வி நம் பினாங்கிலிருந்தே போனது ஐயா. பினாங்குப் பெரிய மருத்துவமனை ஊழியர் உத்ரபடி பெருமாள் வழக்கு. தண்டனை பற்றியும் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் சொன்னது. 2000-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

தொழிற்சங்கவாதி: அது தப்பான தீர்ப்பு. நீங்கள் அரசாங்க வக்கீல், அப்படித்தான் பேசுவீர்கள்.

கோலாலம்பூர் வழக்கறிஞர்: இடையில் வருகிறேன். விளக்கம் போதவில்லை என்றால் விசாரணைக் குழு அமைக்க 37-ஆவது விதியிலேயே இடம் இருக்கிறது. அதில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

பதில்: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குழு அமைப்பது வாரியத்தின் முடிவு. நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், ஆனால் கிடைக்கும் என்று நம்பி வாதத்தை மிச்சம் வைக்காதீர்கள். ஐயா, நான் அரசு வக்கீலாக இருந்தது உண்மைதான். உத்ரபடி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே நியாயம் என்பதும் என் மனமார்ந்த கருத்து. இருபது வருஷம் உழைத்தவருக்குத் தண்டனையின் அளவைப் பற்றிப் பேச ஒரு தருணம் வேண்டும். ஆனால் சட்டம் அந்தத் தருணத்தைத் தராதபோது, அதை நீங்களே அந்த ஒரே கடிதத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். “குற்றமே செய்யவில்லை என்கிறேன், அதே கடிதத்தில் தண்டனையைக் குறையுங்கள் என்று எப்படிக் கேட்பது?” கேட்கலாம். முதல் பகுதியில் முழுதாக மறுத்து எழுதுங்கள். கடைசியில் தனித் தலைப்பிட்டு, “மறுப்பு அப்படியே இருக்க, வாரியம் வேறு முடிவுக்கு வந்தால் இவற்றையும் கருத்தில் கொள்ளவும்” என்று தொடங்கி, எத்தனை வருட சேவை, வாங்கிய சிறந்த சேவை விருது, முன்பு நடவடிக்கை எதுவும் இல்லாதது, வீட்டில் யார் யார் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பின்னால் யாரும் உங்களைக் கூப்பிட்டு இதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

தொழிற்சங்கவாதி: இதை ஏற்கிறேன் அம்மா. தீர்ப்பை ஏற்கவில்லை.

பதில்: சரி ஐயா. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

சுங்கை டுவா: கடிதத்தை வாங்காமல் விட்டால் 21 நாள் ஓடாது என்கிறார்களே?

பதில்: யார் சொன்னது? வாங்காமல் விடுவதால் நடவடிக்கை நிற்காது, உங்கள் பதில் மட்டும்தான் கோப்பில் இல்லாமல் போகும். வேலைக்கும் வராமல் இருந்தால் இன்னும் மோசம். தொடர்ந்து 7 வேலை நாள் வராமல், ஆளும் எங்கே என்று தெரியாமல் போனால், பதிவுத் தபால், அப்புறம் கெஜட், அதோடு நீங்கள் நீக்கப்பட்டவர்.

ஜெலுத்தோங்: 21 நாளில் சனி, ஞாயிறு சேருமா?

பதில்: சேரும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து மேலே படியுங்கள்.

கூட்டுறவுக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்: நண்பன் கட்டவில்லை, எனக்கு நோட்டீஸ். வேலைக்குப் பாதிப்பா?

பதில்: ஆகலாம். அடமானம் இல்லாத உங்கள் கடன்கள் சேர்ந்து மாத ஊதியத்தின் 10 மடங்கைத் தாண்டினாலோ, நீதிமன்றத் தீர்ப்பின்படி கடனாளி ஆகி அந்தக் கடனை ஒரு மாதத்துக்குள் தீர்க்காமல் விட்டாலோ, கடுமையான கடன் சுமை என்ற கணக்கில் வரும். அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம். துறைத் தலைவரிடம் நீங்களே முந்திக்கொண்டு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நீக்குவதற்கு முன் ராஜினாமா செய்துவிட்டால் பென்ஷன் தப்புமா?

பதில்: தப்பாது. ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஒன்றல்ல. ராஜினாமா செய்தவருக்குப் பென்ஷன் கிடையாது. நண்பர்கள் பேச்சைக் கேட்டு அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நீக்கப்பட்டவரின் மனைவி, புக்கிட் மெர்தாஜாம்: போன மாதம் கடிதம் வந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும் அம்மா. ஒழுங்கு நடவடிக்கை வாரியத்தின் முடிவு என்றால் 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். செய்தாரா என்று முதலில் கேளுங்கள். அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிமுறை மறுஆய்வை உயர்நீதிமன்றத்தில் கேட்க, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் வழக்கறிஞருக்கும் மனு தயாரிக்க நாள் வேண்டும். நீக்கக் கடிதம், அது கைக்கு வந்த தேதிக்கு ஆதாரமான தபால் உறை, முதல் குற்றச்சாட்டுக் கடிதம், அவர் எழுதிய பதில், நியமனக் கடிதம், இவ்வளவையும் இந்த வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். பதிலின் நகல் வீட்டில் இல்லை என்றால் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அந்தக் கடிதத்துக்கும் முத்திரை வாங்குங்கள்.