மவுசைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்: எல்லோருக்குமான இணையதளம்

கேள்வி: எங்கள் தளத்தைத் தானியங்கிச் சோதனைக் கருவியில் போட்டால் நூற்றுக்கு நூறு வருகிறது. ஆனால் பார்வையற்ற வாசகர் ஒருவர், பதிவுப் படிவத்தை அனுப்பவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். தவறு எங்கே?

படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு வாசித்துக்காட்டப்படும் எழுத்து) இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த உரை படத்துக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. உங்கள் படிவத்தை அது நிரப்பிப் பார்ப்பதும் இல்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். மவுசைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள்.

டேப் விசையைத் தட்டித் தட்டி மேலிருந்து கீழே வாருங்கள். பின்னால் போக ஷிஃப்டும் டேப்பும். இணைப்புக்கு என்டர், பொத்தானுக்கு என்டர் அல்லது ஸ்பேஸ்பார், திறந்த பெட்டியை மூட எஸ்கேப். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது திரையில் தெரிகிறதா? பல தளங்களில் தெரியாது. நிற்கும் இடத்தைச் சுற்றிப் பிரவுசர் தானாகவே போட்டுத்தரும் கட்டத்தை, பார்க்க நன்றாக இல்லை என்று சிஎஸ்எஸ்ஸில் (தளத்தின் தோற்றத்தை வகுக்கும் நிரலில்) 'அவுட்லைன் நன்' எழுதி அழித்திருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் 2 பிக்சல் தடிமனில், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் வேறு கோடு போடலாம். ஒன்றுமே இல்லாமல் விடக்கூடாது.

அடுத்து படிவம். 'மின்னஞ்சல்' என்ற சொல் பெட்டிக்குள்ளேயே மங்கலாக, பிளேஸ்ஹோல்டராக மட்டும் இருக்கிறதா? முதல் எழுத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடும். நடுவில் கவனம் சிதறியவருக்கு அந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள் என்பது தெரியாமல் போகும். பெட்டிக்கு மேலே லேபிள் எழுதி, லேபிளின் 'ஃபார்' மதிப்பும் பெட்டியின் 'ஐடி'யும் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். இரண்டும் சேர்ந்துவிட்டனவா என்று அறிய (இதற்கு மட்டும் மவுசை மாட்டிக்கொள்ளலாம்) லேபிள் எழுத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். கர்சர் பெட்டிக்குள் போய் நின்றால் சரி.

'அனுப்பு' பொத்தான் நிஜமாகவே 'பட்டன்' குறிச்சொல்லா, அல்லது வண்ணம் பூசிய 'டிவ்' என்ற வெறும் பெட்டிக் குறிச்சொல்லா? டிவ்வாக இருந்தால் டேப் அதைத் தாண்டிப் போய்விடும். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரும் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. உங்கள் வாசகர் சிக்கியது இங்கேதான் என்று நினைக்கிறோம். டிவ்வை வைத்துக்கொண்டே ரோல், டேப்இண்டெக்ஸ் பண்புகள், என்டர், ஸ்பேஸ்பார் இரண்டுக்கும் தனித்தனி ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒட்டுப்போடுவது வீண் வேலை. 'பட்டன்' என்று எழுதினால் இவ்வளவையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

பிழைச் செய்தியையும் விட்டுவிடாதீர்கள். பெட்டியின் ஓரம் சிவப்பானால் பார்வையற்றவருக்கு அது போய்ச் சேராது. பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு சத்தமும் வராமல் காத்திருப்பார். 'மின்னஞ்சலில் அட் குறி விடுபட்டிருக்கிறது' என்று எழுத்திலேயே சொல்லுங்கள். அந்த வரியை 'ஏரியா-டிஸ்கிரைப்ட்பை' என்ற பண்பு மூலம் பெட்டியோடு கட்டிவிட்டு, கர்சரைப் பிழையுள்ள முதல் பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பக்கங்களில் சிலவற்றை ஸ்கிரீன் ரீடர் வாசிக்காமல் மௌனமாகிவிடுகிறது. பழைய பக்கங்களிலோ ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. ஏன்?

இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தின் முதல் வரியில் இருக்கும். எங்கிருந்தோ எடுத்த வார்ப்புருவில், பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' பண்பு 'ஈஎன்' (ஆங்கிலம்) என்று இருந்திருக்கும். யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதை நம்பி ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுக்கிறது. தமிழ் எழுத்து தெரியாத குரலாக இருந்தால் அப்படியே தாண்டிவிடுகிறது. அதை 'டிஏ' (தமிழ்) என்று மாற்றுங்கள். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் 'ஈஎன்' போடுங்கள். கேட்டுப் பார்க்கக் காசு செலவழிக்க வேண்டாம்: விண்டோஸுக்கான என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், சோதனைக்குப் போதும்.

உளறலுக்குக் காரணம், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துரு. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு கண்ணுக்குத் தமிழாகக் காட்டுகிறது. காதுக்குக் காட்ட அதனால் முடியாது. பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால் எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றத்தான் வேண்டும். பிடிஎஃப் கோப்புக்கும் இதே சோதனைதான். அங்கே ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த வெறும் படம்.

என்விடிஏ ஓடும்போதே ஹெச் விசையையும் தட்டிப் பாருங்கள்: தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வேண்டும். தாவவில்லையா? தலைப்புக் குறிச்சொல் இல்லாமல் எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் விட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: வெளிர் சாம்பல் எழுத்துதான் நவீனம் என்கிறார் எங்கள் வடிவமைப்பாளர். அளவுகோல் ஏதும் உண்டா?

உண்டு. 2023 அக்டோபரில் வெளியான, எல்லோரும் அணுகக்கூடிய இணையத்துக்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள இரட்டை ஏ நிலையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு கேட்கிறது. 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற வண்ணக் குறியீடுள்ள சாம்பல் 4.48, தோல்வி. 767676 என்றால் 4.54, தேர்ச்சி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். குரோமின் டெவலப்பர் கருவியில் எழுத்தின் வண்ணக் கட்டத்தைத் திறந்தால் விகிதம் அங்கேயே தெரியும்.

தமிழில் எல்லைக்கோட்டில் நிற்காமல் இன்னும் கறுப்பாகவே வைக்கச் சொல்வோம். மெல்லிய எழுத்துருவில், சிறிய அளவில், முதலில் மங்கிப்போவது மெய்யெழுத்தின் புள்ளி. பார்வை குறைந்தவருக்கு 'க்'கும் 'க'வும் ஒன்றாகிவிடும்.

கேள்வி: படத்துக்கான மாற்று உரையில் என்ன எழுதுவது?

படம் அந்த இடத்தில் செய்யும் வேலையை. தேடல் பொத்தானில் இருக்கும் பூதக்கண்ணாடிக்கு 'தேடு' என்று எழுதுங்கள், 'பூதக்கண்ணாடி' என்றல்ல. 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம். அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். வரைபடம் என்றால் அது காட்டும் முடிவை ஒரு வரியில் எழுதி, எண்களைக் கீழே அட்டவணையாகக் கொடுங்கள். வெறும் அலங்காரப் படத்துக்கு 'ஆல்ட்' பண்பை வைத்து, மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றும் எழுதாமல் விடுங்கள். பண்பையே நீக்கிவிட்டால் சில சமயம் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: கைப்பேசியில் எங்கள் பக்கத்தை விரலால் பெரிதாக்க முடியவில்லை என்கிறார்கள்.

பக்கத்தின் நிரலில், கைப்பேசித் திரைக்கான அளவைச் சொல்லும் 'வியூபோர்ட்' வரியில் 'யூசர்-ஸ்கேலபிள் நோ', 'மேக்சிமம்-ஸ்கேல் 1' இருக்கும். இரண்டையும் நீக்குங்கள். பிறகு கணினியில் பிரவுசர் சாளரத்தை 1280 பிக்சல் அகலத்துக்கு வைத்து 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். பத்தியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால், எங்கோ அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: ஒரு வரி நிரலைச் சேர்த்தாலே தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று ஒரு செயலியை விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பெயரில்லாத பெட்டியில் நீங்கள் எதைக் கேட்க நினைத்தீர்கள் என்று அந்த நிரலுக்குத் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் வாசிக்கும் குரலும் தேவைப்படுபவர்கள் தங்கள் கருவியிலேயே அமைத்து வைத்திருக்கிறார்கள். மேலே வந்து உட்காரும் இன்னொரு பட்டை, அவர்கள் பழகிய விசைகளோடு மோதவும் கூடும். அந்தப் பணத்தை உங்களுக்கு எழுதிய அந்த வாசகருக்குக் கூலியாகக் கொடுத்து, திருத்திய படிவத்தை ஒருமுறை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.