பாரி பாண்ட்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் தரலாமா?

762 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அடித்து பேஸ்பாலில் முதலிடத்தில் இருப்பவருக்கு, அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் ஏன் இடமில்லை, தகுதி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தகுதி உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளே போக, பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். அந்த வாக்கில் கடைசி வாய்ப்பான 2022இல் பாண்ட்ஸுக்குக் கிடைத்தது 66. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுதான் காரணம். தெரிந்தே பயன்படுத்தவில்லை என்பது அவர் வாதம். அதை நம்புவது எனக்கும் கடினம்.

ஆனால் 1998 மே 28ஐப் பாருங்கள். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் ஆள். பாண்ட்ஸின் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குச் சமன் செய்யவே இன்னும் 2 ரன் தேவை. மட்டையோடு அவர் வந்து நின்றதும், எதிரணியான அரிசோனாவின் மேனேஜர் பக் ஷோவால்டர் பந்துகளை எட்டாத தூரத்தில் போடச் சொல்லி, ஒரு ரன்னைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்படி நான்கு பந்து போட்டால் அடிப்பவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவார்; எல்லா பேஸிலும் ஆள் இருந்ததால் ஒவ்வொருவரும் ஒரு பேஸ் நகர, கடைசி ஆள் ரன் எடுத்துவிடுவார். அடுத்தவர் அவுட், அரிசோனா 8-7 என ஜெயித்தது. எதிரணி ஒருவரைக் கண்டு இவ்வளவு பயந்ததை வேறெங்கே பார்த்திருக்கிறோம்?

மருந்துக் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் அந்த சீசனுக்குப் பிந்தைய காலத்தைப் பற்றியவை. அதற்குள்ளேயே 3 முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 411 ஹோம் ரன், 445 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) என்று குவித்திருந்தார். அப்புறம் இன்னொன்று: அந்தக் காலம் முழுக்க லீக்கின் தலைமையில் இருந்த பட் செலிக்குக்கு 2017இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.