இங்கிலாந்து நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருடம் உதவி நூலகராக இருந்தவர், நூலகவியல் முதுகலைப் பட்டமான எம்.எல்.ஐ.எஸ். முடித்தவர். கணவரின் விசாவில் இங்கிலாந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஒரு கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) நூலகத்தில் வாரம் 18 மணி நேரம் லைப்ரரி அசிஸ்டன்ட். "அக்கா, புத்தகம் அடுக்குகிறேன், பிரிண்டருக்குப் பேப்பர் போடுகிறேன். மேலே போக இங்கே மறுபடியும் மாஸ்டர்ஸ் படிக்கணுமா? சார்ட்டர்ஷிப் என்கிறார்களே, அது போதுமா? லீடர்ஷிப் பயிற்சியெல்லாம் நம்மை மாதிரி ஆட்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2008-இல் வந்தேன். எனக்கும் இதே டிராலி, இதே பிரிண்டர்தான். அந்த முதல் வருட வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மாஸ்டர்ஸ் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். கணவரைச் சார்ந்த டிபென்டன்ட் விசாவில் இருக்கும்போது பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள். அது பெரிய தொகை. உங்கள் பட்டத்துக்கு, வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுச் சொல்லும் யூ.கே. எனிக் அமைப்பிடம் சமநிலைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் பதவி விளம்பரங்களில் "நூலகப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, அல்லது சார்ட்டர்ஷிப்" என்ற மாதிரி வாசகம் அடிக்கடி வரும். அந்த "இணையான" என்ற சொல்லுக்குள் நீங்கள் வந்துவிடலாம்.

இனி சார்ட்டர்ஷிப். இங்கே நூலகர்களுக்கும் தகவல் துறையினருக்கும் உள்ள தொழில்முறைச் சங்கம் சிலிப். 1877-இல் தொடங்கிய லைப்ரரி அசோசியேஷனும் தகவல் அறிவியலாளர்களுக்கான இன்னொரு நிறுவனமும் 2002-இல் இணைந்து உருவானது. பழைய சங்கத்துக்கு 1898-இலேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. "சார்ட்டர்ட்" என்ற பெயர் அதிலிருந்து வருவதுதான். அது தரும் தொழில்முறைத் தகுதியில் மூன்று படிகள் உண்டு: சர்ட்டிஃபிகேஷன், சார்ட்டர்ஷிப், ஃபெலோஷிப். நூலகப் பட்டம் இருந்தால்தான் சேரலாம் என்ற விதி இல்லை. உறுப்பினராக இருந்தால் போதும், உறுப்பினர் கட்டணமும் சம்பளத்துக்கு ஏற்ப மாறும். பரீட்சை கிடையாது. பி.கே.எஸ்.பி. என்று ஒரு திறன் பட்டியல் தருவார்கள். அதில் ஒவ்வொரு திறனிலும் உங்களுக்கு நீங்களே 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக்கொண்டு, எதில் வளர வேண்டும் என்று ஆறேழு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வழிகாட்டியோடு வேலை செய்து, ஆதாரங்களை ஒரு கோப்பாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். கூடவே 1000 சொற்களுக்குள் ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை. உங்கள் வேலை எப்படி மேம்பட்டது, உங்கள் நூலகத்தின் சேவை எப்படி இருக்கிறது, வெளியே இந்தத் துறையில் என்ன நடக்கிறது என்ற மூன்றையும் அதில் பேச வேண்டும்.

1000 சொல்தானே என்று நானும் நினைத்தேன். எனக்கு அது பதினெட்டு மாதம் பிடித்தது.

என்னுடைய முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி இருந்தது: "செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணினி வகுப்பு நடத்தினேன். முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். அனைவரும் பயனடைந்தார்கள்." வேலையில்லாதோர் உதவித்தொகை விண்ணப்பமெல்லாம் ஆன்லைனுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நூலகக் கணினிக்கு முன்னால் எப்போதும் கூட்டம். என் வழிகாட்டி வேறொரு ஊரில் வேலை பார்த்த மூத்த நூலகர். அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "சோ வாட்?" அதாவது, அதனால் என்ன? பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு சொல். எட்டு இடத்தில் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவமானப்படுத்துகிறார் என்றே நினைத்தேன்.

போனில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாலாவது வாரம் எத்தனை பேர் வந்தார்கள்?" மூன்று பேர். அதை நான் எழுதவே இல்லை. ஏன் குறைந்தது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் காரணம் எனக்கே தெரியும். வகுப்பு முடிவது மூன்றரைக்கு, பள்ளி விடுவது மூன்றேகாலுக்கு. பிள்ளைகளைக் கூப்பிடப் போக வேண்டிய அம்மாக்கள் பாதியில் எழுந்து போனார்கள், அடுத்த வாரம் வரவில்லை. மற்றவர்களுக்கு வகுப்பே தேவைப்படவில்லை. பாஸ்வேர்டு மறந்துபோன இடத்தில், ஆவணம் ஏற்ற வேண்டிய இடத்தில், பக்கத்தில் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அதனால் வகுப்பை நிறுத்திவிட்டு, காலை நேரத்தில் ஆளுக்கு இருபது நிமிடம் என்று முன்பதிவு வைத்தோம். அந்த மாற்றத்தை மேலதிகாரியிடம் பேசி வாங்கியதும், கவுன்டர் நேரப் பட்டியலைத் திருப்பிப் போட்டதும் நான்தான். "அதை எழுதுங்கள். தோற்ற வகுப்புதான் உங்கள் கோப்பிலேயே நல்ல பகுதி" என்றார்.

நம் வளர்ப்பில் இது கஷ்டம், தங்கச்சி. தோற்றதை மறைக்கவும் ஜெயித்ததை "எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்று சொல்லவும் பழகியவர்கள் நாம். நான் எழுதிய முதல் வரைவு முழுக்க "நாங்கள்". மதிப்பிடுபவர்களுக்கு அதில் என் பங்கு எது என்றே தெரியாது. "நான் முடிவெடுத்தேன், அது தவறாகப் போனது, இப்படிச் சரிசெய்தேன்" என்று முதல் ஆளில் எழுதுவதைத் தற்பெருமை என்று நினைக்காதீர்கள். இங்கே லீடர்ஷிப் என்று அவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். பதவியில் உட்கார்ந்த பிறகு வருவதாக அதை யாரும் பார்ப்பதில்லை. கவுன்டரில் நிற்கும்போதே கேட்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடியாக "அதனால் என்ன" என்று கேட்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நம் ஊரில் 1948-இன் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தபோதே நூலகத்துக்கென்று வரி வைத்துவிட்டார்கள், சொத்து வரியோடு சேர்ந்து வரும். இங்கே அப்படித் தனி வரி இல்லை. 1964-இன் சட்டம் கவுன்சில்கள் முழுமையான, திறமையான நூலக சேவை தர வேண்டும் என்கிறது. எத்தனை கிளை, எத்தனை மணி நேரம் என்று சொல்வதில்லை. பணம் கவுன்சிலின் பொதுப் பையிலிருந்து வர வேண்டும். அதே பையிலிருந்துதான் முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் போகிறது. வருடா வருடம் பட்ஜெட் கூட்டத்தில் யாராவது ஒரு கவுன்சிலர் "உங்கள் நூலகத்தில் 11 பேர் வகுப்புக்கு வந்தார்கள், சரி, அதனால் என்ன?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாத நூலகத்தில் முதலில் நேரத்தைக் குறைப்பார்கள், பிறகு ஆளை. என் வழிகாட்டி பென்சிலால் பழக்கியது அந்தக் கூட்டத்துக்கு.

எனக்கு அது கசப்பான வழியிலும் தெரியவந்தது. நான் வந்து நான்கு வருடத்தில் அப்போது வேலை பார்த்த இடத்தில் ரீஸ்ட்ரக்சர் நடந்தது. இருந்த பதவிகளை எல்லாம் கலைத்துவிட்டு, குறைவான புதிய பதவிகளுக்கு எங்களையே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். கருத்துக் கேட்புக் கூட்டங்கள் மூன்று நடந்தன. மூன்றிலும் நான் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசட்டும், என் வேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று இருந்தேன். நான் விண்ணப்பித்த வேலை என்னைவிட இரண்டு வருடம் குறைந்த அனுபவம் உள்ள தோழிக்குக் கிடைத்தது. அவள் விண்ணப்பத்தை எனக்குக் காட்டினாள். வேலைக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் பர்சன் ஸ்பெசிஃபிகேஷனில் கேட்ட ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு சம்பவம்: என்ன நிலைமை, அவள் பொறுப்பு என்ன, என்ன செய்தாள், என்ன மாறியது. நான் அனுப்பியதோ நம் ஊர் வழக்கப்படி அழகான பயோடேட்டா. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று கூட்டத்திலும் நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் என் நோட்டிலேயே இருந்ததை நினைத்துத்தான் அழுதேன்.

ஆகவே டீம் மீட்டிங்கில் பேசுங்கள். உங்கள் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் சிரித்த முகத்தோடு மறுத்துப் பேசுவதும் இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. மௌனமாக இருந்தால் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பயிற்சிக்கு வருகிறேன். லீடர்ஷிப் கோர்ஸ்கள் உண்டு. ஆனால் என்னை உண்மையில் வளர்த்தது சிலிப்பின் வட்டாரக் குழுவில் ஏற்றுக்கொண்ட பொருளாளர் வேலை. சம்பளம் கிடையாது, மாலை நேரத்தில் மாதம் ஒரு கூட்டம். நிகழ்ச்சிக்கு இடம் பிடிப்பது, பேச்சாளருக்கு எழுதுவது, கணக்கு ஒப்பிப்பது என்று என் வேலையில் பத்து வருடம் கழித்துக் கிடைக்கக்கூடிய பொறுப்பு அங்கே இரண்டாவது மாதமே கைக்கு வந்தது. இந்தக் குழுக்களுக்கு ஆள் எப்போதும் தேவைப்படும், புதியவர் என்று யாரும் தள்ள மாட்டார்கள். மாநாடுகளுக்குப் போக உதவித்தொகையும் பல குழுக்கள் தருகின்றன. தகவலைத் தேடி, எடைபோட்டுப் பயன்படுத்தும் தகவல் அறிதிறனுக்கென்று லைலாக் என்ற மாநாடு இருக்கிறது. கல்லூரியில் மாணவர்களுக்குத் தேடல் சொல்லிக்கொடுத்தவருக்கு அது சரியான இடம்.

"நம்மை மாதிரி ஆட்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-இல் வெளிவந்த துறை ஆய்வில், இங்குள்ள நூலக, ஆவணக்காப்பகப் பணியாளர்களில் 96.7 சதவீதம் பேர் தங்களை வெள்ளையர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் நுழையும்போது நம் முகம் ஒன்றுகூட இருக்காத நாட்கள் எனக்குப் பல உண்டு. இப்போது சிலிப்புக்குள்ளேயே கறுப்பின, ஆசிய, சிறுபான்மையினருக்கான பணியாளர் வலையமைப்பு இருக்கிறது. சேருங்கள். அங்கே கிடைக்கும் முதல் நன்மை, உங்கள் அனுபவத்தை யாருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் வழி கொஞ்சம் மாறும். அங்கே கற்பித்தல் கணக்கில் வரும், உயர்கல்வித் துறைக்கான அமைப்பான அட்வான்ஸ் ஹெச்.ஈ. தரும் ஃபெலோஷிப்பை நூலகர்களும் வாங்குகிறார்கள். பெண்களுக்கு அரோரா என்ற தலைமைப் பயிற்சியும் அவர்கள் நடத்துவதுதான், நிறுவனம் அனுப்ப வேண்டும். அதெல்லாம் இரண்டாம் கட்டம்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி வேறு. "ஆறு வருடம் சும்மா கல்லூரி லைப்ரரியில்தான் இருந்தேன்." சும்மாவா? அடுத்த வரியிலேயே, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தபோது ஆவணங்கள் தயாரித்ததையும், பழைய மென்பொருளிலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறும்போது "உதவியாக இருந்ததையும்" எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஆயிரம் பதிவுகள்? வாங்கிய புத்தகங்களைப் பதியும் ஆக்சஷன் ரிஜிஸ்டரோடு ஒத்துப்போகாதவை எத்தனை, அதைக் கண்டுபிடித்தது யார்? வாசகர்களுக்குச் சேவை நிற்காமல் பார்த்துக்கொண்டது யார்? இங்கே ஒரு நூலகம் சிஸ்டம் மாற்றினால் அதற்குத் தனியாகத் திட்ட மேலாளர் போடுகிறார்கள். அந்த வேலையை நீங்கள் செய்திருந்தால் "உதவினேன்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

என் வழிகாட்டி முதல் நாளே "மெட்ராஸா? ரங்கநாதன் ஊர்!" என்றார். கணக்கு ஆசிரியராக இருந்து மதராஸ் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் நூலகவியல் படிக்க வந்தது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குத்தான். இங்கே படித்துவிட்டு ஊர் திரும்பிப் போய் அவர் வகுத்த ஐந்து விதிகளை இந்த நாட்டு நூலகர்களும் படிக்கிறார்கள். என் கட்டுரையில் அந்த இருபது நிமிட முன்பதிவை விளக்கும்போது அவருடைய நான்காம் விதியைத்தான் எடுத்துக்கொண்டேன்: வாசகரின் நேரத்தைச் சேமி. அதன் பக்கத்தில் மட்டும் பென்சில் குறி எதுவும் இல்லை.

வழிகாட்டியைச் சிலிப் பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் நேரடி மேனேஜரை வைத்துக்கொள்ள வேண்டாம், மனம் விட்டுப் பேச முடியாது. உங்களுக்குச் சிறு குழந்தை இருப்பதால் நேரம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நான் என் கோப்பில் பாதியைப் பேருந்தில் போனிலேயே எழுதினேன், வேலை முடிந்து வரும் 25 நிமிடத்தில், அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வரி. தேதி போட்டு வைத்தால் பின்னால் அதுவே ஆதாரம். சார்ட்டர்ட் ஆன பிறகு புதுப்பிக்கவும் இதே பழக்கம் உதவும்: வருடத்துக்கு 20 மணி நேரக் கற்றல் பதிவு, 250 சொல்லில் ஒரு குறிப்பு.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தக் கோஹா மாற்றத்தை ஒரு பத்தியாக, "நான்" என்று தொடங்கி எழுதி எனக்கு அனுப்புங்கள். இடறிய இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். படித்துவிட்டு ஓரத்தில் எழுத வேண்டியதை நான் எழுதி அனுப்புகிறேன்.