கணக்கில் சென்டம், ஆட்டிசம் கேள்வித்தாளில் 34

அம்மா, இணையத்தில் நிரப்பிய ஆட்டிசம் கேள்வித்தாளில் மகளுக்கு 50-க்கு 34 வந்துவிட்டது, அவளை என்ன படிக்கவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 50 கேள்விகள், 2001-இல் கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழு வெளியிட்டது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று முத்திரை குத்துவதற்காக அது வரவில்லை, இன்னும் கவனித்துப் பார்க்கலாம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதே ஆய்வில் கேம்பிரிட்ஜ் மாணவர்களையும் நிரப்பச் சொன்னார்கள். கலைப்பாட மாணவர்களைவிட அறிவியல் மாணவர்களுக்கு மதிப்பெண் அதிகம், அவர்களிலும் கணக்குப் படிப்பவர்களுக்குத்தான் உச்சம். கணக்கில் சென்டம் வாங்கும் பெண்ணுக்கு 34 வந்ததில் அப்படியென்ன அதிர்ச்சி?

ஆண்களுக்கு ஒழுங்குமுறைகளை அலசும் மூளை, பெண்களுக்கு மனிதர்களைப் புரிந்துகொள்ளும் மூளை என்று சொல்கிறார்களே என்றீர்கள். சராசரியில் அப்படி ஒரு வித்தியாசம் தெரிகிறது, சரி. ஆனால் 2018-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, ஆட்டிசக் கூறுகள் எவ்வளவு இருக்கும் என்பதை ஆணா பெண்ணா என்பதைவிட அவரவர் சிந்திக்கும் பாணிதான் பல மடங்கு அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. சராசரியை வைத்து உங்கள் மகளுக்கு கோர்ஸ் எடுக்க முடியாது.

"பொம்பளப் பிள்ளை, டீச்சர் வேலை போதும்" என்கிறீர்களே, நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் நாள் முழுக்க நிற்பதுதான் அவளுக்குச் சுலபமா? போன் பண்ணுமுன் பேசவேண்டியதை எழுதி வைத்துக்கொள்கிறாள், பள்ளிவிட்டு வந்ததும் லைட்டை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிடுகிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்துச் சமாளிக்கிற பெண் பிள்ளைகள் நிறைய, அதனாலேயே பலருக்கு ஆட்டிசம் இருப்பது தாமதமாகத்தான் தெரியவருகிறது. அதனால் ஒருமுறை முறையாகப் பார்த்துவிடுங்கள், சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டிலோ, பெங்களூருவில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸிலோ. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். இணைய மதிப்பெண்ணைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

கோர்ஸ் அவள் கேட்கிற கம்ப்யூட்டர் சயின்ஸே இருக்கட்டும், நான் கவலைப்படுவது ஹாஸ்டலைப் பற்றித்தான். நான்கு பேர் அறை வேண்டாம், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கல்லூரி கிடைத்தால் கட்-ஆஃபில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. அப்புறம், கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும் நாளில் அவளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், பட்டியலை அவளே போட்டு வைத்திருப்பாள்.