டிஜிட்டல் சென்சார் வாங்கினால் பதிவு வேண்டாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சிறிய பல் மருத்துவமனை நடத்திவருகிறேன். சுவரில் பொருத்திய பழைய எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது. பிலிம் கழுவுவதை விட்டுவிட்டு டிஜிட்டல் சென்சாருக்கு மாற விரும்புகிறேன். ஒரு முகவர், வேறொருவர் பயன்படுத்திய சென்சாரைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். டிஜிட்டல் என்பதால் கதிர்வீச்சு இல்லை, பதிவும் வேண்டியதில்லை, உதவியாளரே வாய்க்குள் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: முகவர் சொன்ன மூன்றும் தவறு. அவற்றில் கடைசியாகச் சொன்னது ஆபத்தானதும்கூட.

சென்சார் கதிரை வெளியிடுவதில்லை. எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிரை வாங்கிப் படமாக்கிக் கணினிக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. கதிரை உண்டாக்குவது உங்கள் சுவரில் இருக்கும் அதே பழைய இயந்திரம்தான். ஆகவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பிலிமுக்கு எப்படிப் பொருந்தினவோ, சென்சாருக்கும் அப்படியே பொருந்தும். கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் கண்காணிக்கும் அதே வாரியம்தான் உங்கள் பல் எக்ஸ்ரே இயந்திரத்தையும் கண்காணிக்கிறது. ‘எலோரா’ என்னும் அதன் இணையத்தளத்தில் மருத்துவமனையின் பெயரிலும் இயந்திரத்தின் பெயரிலும் பதிவு இருக்க வேண்டும். இயந்திரத்துக்குத் தரச் சோதனை அறிக்கையும் வேண்டும்.

இந்தப் பதிவை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. "எல்லாம் நானே முடித்துத் தருகிறேன்" என்று பணம் வாங்கும் இடைத்தரகர்கள், கணக்கைத் தொடங்கும்போது தங்கள் கைபேசி எண்ணையும் தங்கள் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பதிவைப் புதுப்பிக்கவோ, இயந்திரத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியதைத் தெரிவிக்கவோ முயலும்போது, சொந்த மருத்துவமனையின் கணக்குக்குள் மருத்துவரே நுழைய முடியாமல் மீண்டும் அந்த இடைத்தரகரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு யாரை வைத்துக்கொண்டாலும், எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். விண்ணப்பத்தை எளிய தமிழில் தந்திருந்தால் இந்தத் தரகு வேலைக்கே இடமிருந்திருக்காது. தாலுகா ஊரில் ஒற்றை நாற்காலி போட்டு நடத்தும் மருத்துவரைப் பெரிய மருத்துவமனைக்கு நிகரான படிவங்களுக்குள் தள்ளிவிட்டு, பிறகு அவர் பதிவு செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் உதவியாளரின் விரல்கள். ஒரு பல் படத்தால் நோயாளியின் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மட்டுமே. இயற்கையிலிருந்து மனிதர் பெறும் அளவு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட். அப்படிப் பார்த்தால் ஒரு படம் என்பது ஏறத்தாழ ஒரு நாள் கணக்கு. நோயாளிக்கு இதை அச்சமின்றிச் சொல்லலாம். ஆனால் சென்சாரைப் பிடிக்கும் விரல் நேரடிக் கதிரின் பாதையிலேயே இருக்கிறது. இயந்திரக் கூம்பின் முனையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிரே அளவுக்குக் கதிர் இருக்கலாம்; எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை அதை ஒரு மில்லிசீவர்ட் என்றே கொள்ளலாம். நாளொன்றுக்கு ஐந்து படம் வீதம் 300 நாள் எடுத்தால் 1,500 மில்லிசீவர்ட் ஆகிறது. கன்னமும் பல்லும் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்ளும் என்று கழித்துப் பார்த்தாலும், கைக்கு ஆண்டு முழுவதற்கும் வகுத்திருக்கும் 500 மில்லிசீவர்ட் வரம்பை உங்கள் உதவியாளர் எளிதில் நெருங்கிவிடுவார். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயின் முன்னோடியாக இருந்த எட்மண்ட் கெல்ஸ், பல ஆண்டுகள் தன் கையைக் கதிரில் காட்டியே வேலை செய்ததால் முதலில் விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். சென்சாரைத் தாங்குவதற்கென்றே வளையத்தோடு கூடிய பிடிப்பான் விற்கிறது. சென்சாரோடு சேர்த்து அதையும் வாங்குங்கள். படம் எடுக்கும்போது நீங்களும் உதவியாளரும் இயந்திரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, கதிர் செல்லும் திசைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் சிறு குழந்தை, மனவளர்ச்சி குன்றியவர், கை நடுக்கமுள்ள முதியவர் ஆகியோரிடம் பிடிப்பான் நிற்காமல் போகலாம். அப்போது அவருடன் வந்திருக்கும் உறவினர் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். அவரும் சென்சாரைத் தொடாமல், பிடிப்பானின் வெளிப்புறத் தண்டை மட்டும், கதிர்ப் பாதைக்கு வெளியே விரலை வைத்துப் பிடிக்க வேண்டும். ஈய மேலங்கி அணிந்திருக்க வேண்டும். குழந்தையின் தாய் கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கக்கூடும் என்றாலோ, அவரை விட்டுவிட்டுத் தந்தையையோ சித்தியையோ அழையுங்கள். இந்த விலக்கு உறவினருக்கு மட்டுமே உரியது. மருத்துவமனை ஊழியருக்குப் பொருந்தாது. உறவினர் வாழ்நாளில் ஓரிரு முறைதான் இப்படிப் பிடிப்பார். ஊழியரோ ஒரு முறை பிடிக்கத் தொடங்கினால் அடுத்த அழும் குழந்தைக்கும் அவரையே கூப்பிடுவீர்கள். ஈய மேலங்கி விரலைக் காக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்சாருக்கு மாறினால் கதிர் குறையும் என்பது உண்மைதான், ஆனால் தானாகக் குறையாது. பழைய வகை பிலிமுக்கு அரை நொடிக்கு மேலும் கதிர் கொடுத்த இடத்தில், சென்சாருக்கு 0.1 முதல் 0.2 நொடி வரை பெரும்பாலும் போதும். நேரத்தைக் குறைக்காமல் விட்டாலும் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்து நல்ல படமாகவே காட்டிவிடும் என்பதால், தவறு யார் கண்ணிலும் படாது. முதலில் உங்கள் இயந்திரத்தின் நேரக்கட்டுப்பாட்டில் எவ்வளவு குறைவாக வைக்க முடியும் என்று பாருங்கள். 0.3 நொடிக்குக் கீழே இறங்காத பழைய இயந்திரம் என்றால், சென்சாருக்கு முன் இயந்திரத்தையே மாற்றுவது நல்லது. இறங்குமானால், பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றை மெழுகில் பதித்துச் சென்சார்மேல் வைத்து, தள்ளி நின்று, ஒவ்வொரு படியாக நேரத்தைக் குறைத்துப் படம் எடுங்கள். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும் படிக்கு ஒரு படி மேலே இருப்பதுதான் உங்கள் அளவு. முன்பல், கடைவாய்ப்பல், குழந்தை என மூன்றுக்கும் அளவை எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

இயந்திரம் மாற்றும்போது, கையில் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் மலிவான இயந்திரங்களை இணையத்தில் வாங்க வேண்டாம். அவற்றில் சில உரிய பாதுகாப்பில்லாமல் விற்கப்படுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. வாரியம் ஏற்ற மாதிரிதானா என்று பார்த்தே வாங்குங்கள்.

இனி அந்தப் பாதி விலைச் சென்சார். பெரும்பாலான நிறுவனங்கள் ஒவ்வொரு சென்சாருக்கும் அதன் வரிசை எண்ணுக்கே உரிய அளவுத்திருத்தக் கோப்பு ஒன்றைத் தருகின்றன. அது இல்லாவிட்டால் படத்தில் கோடுகள் விழும், அல்லது சென்சார் இயங்கவே இயங்காது. பழைய சென்சாரை விற்பவர்களில் பலர் கம்பியோடு சென்சாரை மட்டும் கொடுத்துவிட்டு, கோப்பையும் மென்பொருள் உரிமத்தையும் பற்றி வாய் திறப்பதில்லை. அடுத்ததாகக் கேபிள் சென்சாரோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சிறு மடிப்போ பல் தடமோ இருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். சென்சார் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உங்களிடம் வந்த பிறகும் கேபிளை இறுகச் சுருட்டாமல், நோயாளி கடிக்க விடாமல், இடுக்கியால் கவ்வாமல், தனிக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

சென்சாரை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில், வைக்கக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய உறை மாட்ட வேண்டும். மெல்லிய உறை கிழிவது வழக்கம் என்பதால், உள்ளே ஒரு விரலுறையும் போடுங்கள். உறையைக் கழற்றியதும், நிறுவனம் சொல்லியிருக்கும் கிருமிநாசினியால் துடையுங்கள். வாயில் வைத்த கையுறையோடு மௌஸைத் தொடாதீர்கள்.

சென்சாருக்கு நீட்டிப்பு கேபிள் போட்டு ஐந்து மீட்டருக்கு மேல் இழுத்தால் படம் பாதியில் நின்றுவிடலாம். கணினியை நாற்காலிக்கு அருகில் வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துச் சோதியுங்கள். மலையடிவாரத்தில் ஐப்பசி மாதத்துப் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் கறுத்தால் கணினியை மின்சாரத்திலிருந்தும், சென்சாரைக் கணினியிலிருந்தும் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சென்சாரையே வாங்குவதென்றால், முகவரை அம்பாசமுத்திரத்துக்கு வரச் சொல்லி, உங்கள் கணினியில், உங்கள் இயந்திரத்தில், அந்த மெழுகுப் பல்லைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசை எண்ணும் கோப்பும் உரிமமும் ரசீதில் எழுதப்பட்ட பிறகே பணம் கொடுங்கள்.