பின்பாட்டு

அன்புள்ள ஐயா,

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறு மதியம் சமய வகுப்பு நடக்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திருவிளக்கு பூஜை. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருஷமாக ஒழுங்காகப் போனாள். கீதை ஒப்பித்தல் போட்டியில் இரண்டு எவர்சில்வர் தட்டும் ஒரு தூக்குவாளியும் வாங்கியிருக்கிறாள். போன மாதம் வகுப்பில், "விளக்கைக் கும்பிடுறோமா, விளக்குல இருக்கிற சாமியையா? பூஜை முடிஞ்சு அணைச்சா சாமி எங்க போகும்?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லிக்கொடுக்கும் அக்கா, "அதிகப்பிரசங்கி, ஸ்லோகத்தைச் சொல்லு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து போகமாட்டேன் என்கிறாள். விளக்கு பூஜைக்கும் வருவதில்லை, மைக் சத்தத்தில் தலை வலிக்கிறதாம். வீட்டுக்காரர், "இதெல்லாம் சர்ச்சில் சண்டே கிளாஸ் நடத்துவதைப் பார்த்து ஆரம்பித்ததுதானே, விட்டுத்தள்ளு, அந்த நேரம் டியூஷனுக்குப் போகட்டும்" என்கிறார். கட்டாயப்படுத்தி அனுப்பவா, விட்டுவிடவா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் எங்கள் ஊர் பஜனை மடத்துக் கமிட்டிக்காரர்களோடு சண்டை போட்டிருந்தேன். புதிதாக இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்க நன்கொடை கேட்டு வந்தார்கள். ஆகவே நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பாதிரியார் திருவிதாங்கூருக்கு வந்தது 1806-ல். அதிலிருந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பக்கத்து வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்கிறார்கள். அதைப் பார்த்து நமக்கும் செய்யத் தோன்றியது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன கேவலம்? டியூஷன் மட்டும் அகத்தியர் ஆரம்பித்ததா? பள்ளிக்கூடம் லீவு விடுவது ஞாயிற்றுக்கிழமை, வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை வைத்தால் முதல் ஆளாக இவர்தான் சத்தம் போடுவார். சரி, அவரை விடுங்கள்.

அந்த அக்கா செய்தது தப்புதான். ஆனால் சம்பளமில்லாமல் வெயிலில் வந்து நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவர் அவர். ஒரு நாள் எரிச்சலை வைத்து அவரை எடைபோடவேண்டாம். எனக்கு உங்கள் மேல்தான் கோபம். தட்டையும் தூக்குவாளியையும் எண்ணி எழுதிய நீங்கள், மகளின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. அவள் அதை உங்களிடமும்தானே கேட்டிருக்கிறாள்?

ஒப்பித்தல் போட்டிகளுக்குக் கீதையில் பெரும்பாலும் பன்னிரண்டாம் அத்தியாயத்தையோ பதினைந்தாம் அத்தியாயத்தையோ கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் இருபது ஸ்லோகம்தான், பிள்ளைகளுக்கு அளவாக இருக்கும். அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதல் ஸ்லோகமே ஒரு கேள்வி. உன்னை உருவமாக வழிபடுகிறவன் மேலா, உருவமில்லாததைத் தியானிக்கிறவன் மேலா என்று அர்ஜுனன் கேட்கிறான். உங்கள் மகள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அர்ஜுனன் கேட்டால் ஸ்லோகம், ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அதிகப்பிரசங்கமா? பிரச்ன உபநிஷத்தில் ஆறு பேர் பிப்பலாதரிடம் கேள்வியோடு வருகிறார்கள். ஒரு வருஷம் இங்கே தங்குங்கள், பிறகு விருப்பப்பட்டதைக் கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறோம் என்கிறார். ரிஷி 'தெரிந்தால்' என்று சொல்கிறார். உங்கள் மகள் வகுப்பில் மூன்று வருஷம் தங்கிவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. மைக் சத்தத்தில் தலை வலிக்கிறதாம்.

எங்கள் பஜனை மடம் அந்தக் காலத்தில் ஓலை வேய்ந்த ஒற்றை அறை. சுவரில் ஒரு கிருஷ்ணன் படம், கீழே குத்துவிளக்கு, மூலையில் சுருட்டிவைத்த பாய். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டா வந்தால்தான் பஜனை. என் சொந்தப் பாட்டா இல்லை, ஊருக்கே பாட்டா. பனையேறி. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சு காய்த்துப்போயிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. பனை உச்சியிலிருந்து கூப்பிட்டால், மூன்று விளை, அதாவது மூன்று தோட்டம் தாண்டி, அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் ஆச்சிக்குக் கேட்கும். அந்தக் குரலில் ஒரு வரி எடுத்துக்கொடுப்பார். நாங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். சத்தம் குறைந்தால் அடுத்த வரிக்குப் போகமாட்டார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஆளே இல்லியா மக்கா?" என்பார். அந்தப் பக்கத்தில் இருந்தது ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகளான நாங்கள். பயந்துபோய்க் கத்துவோம். முடிந்ததும் அவலும் கருப்பட்டியும் கொடுப்பார்கள்.

அவர் பாடியதில் பாதி வார்த்தை தப்பு. பாண்டுரங்கனை அவர் 'பாண்டிரங்கா' என்றுதான் பாடுவார். மதுரைப் பக்கத்து ரங்கன் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஊரே பாண்டிரங்கா என்று பாடியது. நாற்பது வயதுக்கு மேல் ஒருமுறை பண்டரிபுரம் போனேன். விட்டலன் முன்னால் நின்றபோது என் வாயில் வந்ததும் பாண்டிரங்காதான்.

மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த பஜனைப் பத்ததி என்று ஒன்று உண்டு, தோடய மங்களத்தில் தொடங்கி வரிசை தவறாமல் போவது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆனால் அதற்கும் எங்களுக்கும் பொதுவான ஒன்று இருந்தது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வாங்கித் திருப்பித் தருவது. பஜனையில் அந்தப் பின்பாட்டு இல்லையென்றால் மிச்சமிருப்பது கச்சேரி.

1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா எல்லாச் சாதிக்காரர்களும் கோயிலுக்குள் போகலாம் என்று ஆலயப் பிரவேச விளம்பரம் செய்தபோது பாட்டாவுக்குப் பதினைந்து வயசு. அதற்குப் பத்து வருஷம் முன்புதான், 1926-ல், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் திறந்தபிறகு பாட்டா தன் அப்பாவோடு சுசீந்திரம் போனாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பெரிய கோயில் மக்கா. கண்ணு நெறஞ்சுபோச்சு. ஆனா அங்க சும்மா நிக்கணும். இங்கதான் வாய் தொறக்கலாம்."

இதைக் கோயிலுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகமக் கோயிலில் நடப்பது பரார்த்த பூஜை. ஊருக்காகவும் உலகத்துக்காகவும் அர்ச்சகர் செய்கிறார், நாம் வெறுமனே நின்றாலே நமக்கும் சேர்ந்துவிடும். மடத்தில் அப்படி நமக்காகச் செய்ய ஆள் கிடையாது. நாம் வாயைத் திறக்காவிட்டால் அங்கே ஒன்றுமே நடக்காது.

அந்த மடத்துக்கு மைக் செட் கொண்டுவந்தவன் யார் தெரியுமா? நான்தான். 1981 மார்கழி, எனக்குப் பத்தொன்பது வயசு. வீடுவீடாக வசூல் செய்து, நாகர்கோவில் போய், ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன். ஒரு குழாயைத் தெருவைப் பார்த்துக் கட்டினேன். இன்னொன்றை வேண்டுமென்றே சர்ச்சைப் பார்த்துக் கட்டினேன். அவர்களுடைய குழாய் ஒன்று ஏற்கெனவே எங்களைப் பார்த்துத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, 1982 மார்ச் முதல் தேதி, மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் துப்பாக்கிச்சூடு வரை போய் ஆட்கள் செத்தார்கள். எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. அன்று ராத்திரி நானே ஏறி அந்தக் குழாயைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பிவைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பயம்தான்.

பாட்டாவிடம் மைக்கைக் கொடுத்த முதல் நாள் அது வீல் என்று கீச்சிட்டது. அந்தக் குரலை அந்த மைக்கால் தாங்க முடியவில்லை. "மெதுவாப் பாடுங்க பாட்டா" என்றேன். பனை உச்சியிலிருந்து கூப்பிடுகிற மனுஷனிடம் மெதுவாகப் பாடச் சொன்னேன். அவரும் மெதுவாகத்தான் பாடினார். அவர் மெதுவாகப் பாடியதால் கூட்டமும் மெதுவாகச் சொன்னது. பிறகு, குரல் நன்றாக இருந்த ஒரு பையன் கைக்கு மைக் போனது. நன்றாகத்தான் பாடினான். எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நாளில் பாட்டா வருவதை நிறுத்திவிட்டார். விளையில் பார்த்து ஏன் பாட்டா வருவதில்லை என்று கேட்டேன். அவர் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார்: "இங்க நின்னாலே நல்லா கேக்குதே மக்கா. பெறவு எதுக்கு வரணும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் விளக்கு பூஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப்போல ஒன்று கிடையாது என்று நினைக்கிறவன் நான். ஆகமத்தில் இருக்கிறதா என்று பண்டிதர்கள் தேடட்டும். ஒவ்வொரு பெண் முன்னாலும் அவள் வீட்டிலிருந்து தேய்த்துக் கொண்டுவந்த விளக்கு, ஒரு வாழையிலை, குங்குமம், பூ. அங்கே அவள்தான் அர்ச்சகர். யாரும் தொடாதே, தள்ளி நில் என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நூற்றெட்டுப் போற்றியையும் ஒருத்தர் மைக்கில் படித்துத் தள்ளுகிறார். மற்றவர்களுக்கு விரல் மட்டும்தான் வேலை செய்கிறது. சில இடங்களில் இப்போது படிக்கக்கூட ஆள் கிடையாது, செல்போனில் போட்டு மைக் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். ஐம்பது அறுபது பெண்கள் இருக்கிற மண்டபத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஸ்பீக்கர்? பெண்கள் சத்தம் போடக்கூடாது, பெட்டி மட்டும் போடலாம் என்று ஏதாவது சாஸ்திரம் இருக்கிறதா? கமிட்டிக்காரர்களிடமும் இதைத்தான் கேட்டேன். "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு" என்றார்கள்.

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் பார்த்திருப்பீர்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில். காவியும் பனையோலை விசிறியுமாக ஓடுகிறார்கள். ஓடுவது சிவனைப் பார்க்க, வாயில் வருவது 'கோவிந்தா கோபாலா'. முன்னால் போகிறவன் கோவிந்தா என்றால் பின்னால் வருகிறவன் கோபாலா என்று சொல்லியாகவேண்டும், கால் கொப்பளித்திருந்தாலும். எங்கள் வீடு அந்த வழியில்தான். சிறுவயதில் படுத்திருக்கும்போது ரோட்டில் அந்தச் சத்தம் தூரத்தில் ஆரம்பித்து, வாசலைத் தாண்டி, அடுத்த வளைவில் மறையும். கொஞ்சம் கழித்து அடுத்த கூட்டம். இப்போது மோர்ப் பந்தல்காரர்கள் வழிநெடுக ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். மோருக்கு நன்றி. பாட்டை நிறுத்தினால் இன்னும் பெரிய புண்ணியம்.

எங்கேயோ போய்விட்டேன். அனுப்பவா விட்டுவிடவா என்றுதானே கேட்டீர்கள்? கட்டாயப்படுத்தாதீர்கள். டியூஷனுக்கும் அந்த நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புக்கோ, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் சின்ன இடமான நிழல்தாங்கல் பக்கத்தில் ஏதாவது இருந்தால் அதற்கோ அவளைக் கூட்டிப்போய், அங்கே சாமி இருக்கும் இடத்தில் கண்ணாடி வைத்திருப்பதைக் காட்டுங்கள். நம்முடைய மருந்துவாழ் மலையில் தவமிருந்த நாராயண குருவும் பின்னாளில் கேரளத்துக் களவங்கோட்டில் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார். விளக்கம் எதுவும் சொல்லவேண்டாம். கேட்கத் தெரிந்தவளுக்குப் பார்க்கவும் தெரியும்.

மைக் இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை நடத்தலாமா என்று உங்கள் ஊர்க் கமிட்டியிடமும் கேட்டுப்பாருங்கள். விடமாட்டார்கள். அப்படியானால் அன்றைக்கு வீட்டிலேயே ஒரு விளக்கு ஏற்றி, ஒருத்தர் போற்றியை எடுத்துக்கொடுங்கள், மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். வீட்டுக்காரரையும் உட்காரவையுங்கள். எடுத்துக்கொடுப்பது உங்கள் மகளாக இருக்கட்டும். முடிந்ததும் விளக்கை அவள் கையாலேயே குளிரவைக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் விளக்கை அணைக்கிறது என்று சொல்லக்கூடாது என்பார்கள், ஒருவேளை அந்த அக்காவுக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தையால்கூட இருக்கலாம். பூவை எடுத்துத் திரியை மெல்ல உள்ளே இழுத்தால் போதும்.

அப்போது சாமி எங்கே போனது என்று அவள் என்ன சொல்கிறாளோ, அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். தூக்குவாளியைப் பற்றி எழுதவேண்டாம்.

பின்குறிப்பு: கமிட்டிக்காரர்களுக்குக் கடைசியில் ஐநூறு ரூபாய் கொடுத்தேன். ஸ்பீக்கருக்கு இல்லை, அவலுக்கு என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன்.